மங்காமுரா மூடியதும் மங்கா பிளஸ் திறந்ததும்: திருட்டு வாசிப்புக்கு ஷூயிஷா தேடிய மாற்று

2018 ஏப்ரலில் ஜப்பானின் மிகப் பெரிய திருட்டு மங்கா (ஜப்பானியப் படக்கதை) தளமான மங்காமுரா இணையத்திலிருந்து மறைந்தது. ஒன்பது மாதம் கழித்து, 2019 ஜனவரி 28 அன்று, அந்தத் தளத்தால் பெரிதும் அடிவாங்கிய பதிப்பகங்களில் ஒன்றான ஷூயிஷா, மங்கா பிளஸ் என்ற இலவச வாசிப்புச் சேவையை வெளிநாட்டு வாசகர்களுக்காகத் திறந்தது. ஜப்பான், சீனா, தென் கொரியா தவிர உலகில் எந்த நாட்டிலிருந்தும் அதைப் படிக்கலாம். அந்த மூன்று நாடுகளிலும் வேறு சேவைகள் ஏற்கெனவே இருந்தன.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. முதலாவதில் போலீஸும் நீதிமன்றமும் வேலை செய்தன. இரண்டாவதில் ஆசிரியர் குழுவும் மொழிபெயர்ப்பாளர்களும் வேலை செய்தார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருட்டுத் தளத்தை மூடினால், சட்டப்படி படிக்க நல்ல இடம் ஏற்கெனவே இருக்கும் ஊரில் வாசகர்கள் அங்கே வந்து சேர்வார்கள். அப்படி ஓர் இடம் இல்லாத ஊரில் அடுத்த திருட்டுத் தளத்துக்குப் போவார்கள். ஜப்பானுக்குள் நடந்தது முதல் வகை. வெளியே வருடக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது இரண்டாம் வகை.

மங்காமுரா

இந்தத் தளம் 2016 தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன்பு ஜப்பானில் திருட்டு மங்கா படிக்கக் கொஞ்சம் கணினிப் பழக்கம் வேண்டும். இணைப்புகளைத் தொகுத்துத் தரும் தளத்தைக் கண்டுபிடித்து, சுருக்கிய கோப்பை இறக்கி, பிரித்து, பிறகுதான் படிக்க முடியும். மங்காமுராவில் இந்த வேலை எதுவும் இல்லை. பதிவு செய்ய வேண்டாம், எதையும் இறக்க வேண்டாம். பெயரைத் தேடினால் செல்போன் பிரவுசரிலேயே பக்கம் பக்கமாகத் திறக்கும். பள்ளிப் பிள்ளைகள்வரை அதன் பெயர் பரவியதற்கு இந்த எளிமைதான் காரணம். நடத்தியவருக்குப் பணம் விளம்பரத்திலிருந்து வந்தது.

வெளிநாடுகளில் நடக்கும் திருட்டைக் கண்காணிக்கும் கோடா என்ற ஜப்பானிய அமைப்பு, 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரையிலான ஆறு மாதத்தில் மங்காமுராவுக்கு சுமார் 62 கோடி வருகைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. ஒரு வருகைக்கு ஒரு புத்தகம், ஒரு புத்தகத்தின் சராசரி விலை 515 யென் என்று வைத்துப் பெருக்கி, இழப்பு சுமார் 31,900 கோடி யென் என்று சொன்னது. இந்தத் தொகை எல்லாச் செய்திகளிலும் வந்தது. இதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. இலவசமாக நூறு புத்தகம் புரட்டியவர், காசு கேட்டால் நூறும் வாங்கியிருப்பார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் 62 கோடி வருகை என்ற எண்ணை ஒதுக்க முடியாது. அத்தனை பேர் படிக்க விரும்பினார்கள் என்பதற்கு அது சாட்சி.

2018 ஏப்ரல் 13 அன்று ஜப்பான் அரசு மங்காமுராவையும் இரண்டு அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தளங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இணைய நிறுவனங்கள் தாங்களாகவே அவற்றைத் தடுப்பது பொருத்தம் என்று அறிவித்தது. உடனே பெரிய எதிர்ப்பு. ஒருவர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று பார்க்காமல் தடுக்க முடியாது. தகவல் தொடர்பின் ரகசியத்தை ஜப்பான் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு காக்கிறது. ஏப்ரல் 23 அன்று என்டிடி என்ற தொலைத்தொடர்புக் குழுமம் தடுக்கப் போவதாக அறிவித்தபோது, தளம் ஏற்கெனவே திறக்காமல் போயிருந்தது. தடுப்புக்குச் சட்டம் கொண்டுவரலாமா என்று பேச அமைத்த குழு, அந்த ஆண்டு அக்டோபரில் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமலே நின்றது.

நடத்தியவர் 2019 ஜூலையில் பிலிப்பைன்ஸில் பிடிபட்டார், செப்டம்பரில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். 2021 ஜூனில் ஃபுகுவோகா மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறையும் 1 கோடி யென் அபராதமும் விதித்து, விளம்பரத்தில் ஈட்டியதில் 6 கோடி யென்னுக்கு மேல் பறிமுதல் செய்யச் சொன்னது. 2024 ஏப்ரலில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், ஷூயிஷா, கடோகாவா, ஷோகாகுகான் ஆகிய மூன்று பதிப்பகங்களுக்கும் சேர்த்து சுமார் 173 கோடி யென் இழப்பீடு தர உத்தரவிட்டது. அந்த வழக்கில் எடுத்துக்கொண்டது 17 படைப்புகளை மட்டுமே.

தண்டனையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விற்பனைக் கணக்கு. ஜப்பானில் மின்வடிவ மங்கா விற்பனை 2017இல் சுமார் 17,110 கோடி யென். அந்த ஆண்டுதான் அது முதன்முறையாக அச்சுத் தொகுதிகளின் விற்பனையைத் தாண்டியது. 2019இல் அது 25,930 கோடி, 2020இல் 34,200 கோடி. 2020இல் அச்சும் மின்வடிவமும் இதழ்களும் சேர்ந்த மொத்தச் சந்தை 61,260 கோடி யென்னைத் தொட்டு, 1995இன் உச்சமான 58,640 கோடியைத் தாண்டியது. பெருந்தொற்றால் வீட்டில் அடைபட்டதும் 2020 வளர்ச்சிக்கு ஒரு காரணம். 2019இன் தாவலுக்கு அந்தச் சாக்கு இல்லை. ஜப்பானின் பதிப்புத் துறை ஆய்வாளர்களே அதற்கு மங்காமுரா மூடப்பட்டதை ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

மூடிய பிறகு அந்த வாசகர்கள் எங்கே போனார்கள்? போக இடம் இருந்தது. லைன் மங்கா என்ற வாசிப்புச் செயலி 2013இல் வந்திருந்தது. ஷூயிஷாவின் ஷோனென் ஜம்ப் பிளஸ் 2014 செப்டம்பரில் வந்திருந்தது. 2016இல் வந்த பிக்கோமா, காத்திருந்தால் இலவசம் என்ற முறையைப் பரப்பியது. ஓர் அத்தியாயம் படித்தால் அடுத்த அத்தியாயம் ஏறத்தாழ ஒரு நாள் கழித்து இலவசமாகத் திறக்கும். பொறுமை இல்லாதவர் சில்லறைக் காசு கொடுத்து உடனே படிக்கலாம். பையில் பணமில்லாத மாணவனும் திருடாமல் ஒரு தொடரை முழுக்கப் படிக்க முடிந்தது. மங்காமுரா தந்த எளிமையில் பெரும்பகுதியை இந்தச் செயலிகள் சட்டப்படியே தந்தன.

இதனால் திருட்டு ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. புதிய தளங்கள் வந்தன. 2021இல் திருட்டுத் தளங்களில் படிக்கப்பட்ட மங்காவின் மதிப்பு 1 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது என்று ஏபிஜே என்ற பதிப்பகக் கூட்டமைப்பு மதிப்பிட்டது. அதே ஆண்டின் சட்டப்படியான சந்தை 67,590 கோடி. அதாவது திருட்டும் பெருத்தது, நேர்மையான விற்பனையும் பெருத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வாசிப்பு மொத்தமாகவே கூடியது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

சட்டமும் கடுமையானது. அனுமதியின்றி ஏற்றியது என்று தெரிந்தே மங்காவை இறக்கிக்கொள்வதைச் சட்டவிரோதமாக்கும் திருத்தம் 2020 ஜூனில் நிறைவேறி, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் முதல் வரைவை 2019இல் எதிர்த்தவர்களில் ஜப்பான் மங்கா கலைஞர்கள் சங்கமும் உண்டு. சாதாரண வாசகர் ஒரு படத்தைச் சேமித்துவைத்தாலும் குற்றமாகிவிடும், ரசிகர்களின் படைப்புகளுக்கும் ஆபத்து வரும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அரசு வரைவைத் திரும்பப் பெற்று, விலக்குகளைச் சேர்த்துத்தான் மறுபடி கொண்டுவந்தது. திருட்டால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களே தங்கள் வாசகர்களுக்காக நின்றார்கள். இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வெளியே இருந்த வாசகர்

ஜப்பானுக்கு வெளியே கதை வேறு. ஜப்பானிய மொழி தெரியாதவருக்கு ஒரு வார இதழில் வந்த அத்தியாயம், ஆங்கிலத்தில் அச்சுத் தொகுதியாக வர ஒரு வருடம் ஆகலாம், இரண்டு வருடம்கூட ஆகலாம், வராமலே போகலாம். இந்த இடைவெளியை நிரப்பியது ஸ்கேன்லேஷன். ரசிகர்கள் குழுவாகச் சேர்ந்து செய்தார்கள். ஒருவர் இதழை வாங்கி ஸ்கேன் செய்வார். ஒருவர் பக்கத்தைச் சுத்தம் செய்வார். ஒருவர் படத்தின் மேல் எழுதிய ஒலிச்சொற்களை நீக்கி அந்த இடத்தை மறுபடி வரைவார். ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் எழுத்துகளைப் பலூனில் பொருத்துவார். பெரும்பாலும் யாருக்கும் சம்பளம் கிடையாது.

அப்புறம் தொகுப்புத் தளங்கள் வந்தன. குழுக்கள் சும்மா செய்த வேலையை எடுத்து, ஒரே இடத்தில் குவித்து, விளம்பரம் போட்டுச் சம்பாதித்தன. திருட்டு என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறோம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் உரிமை மீறல்தான். ஆனால் மாற்றுச் சேவை ஒன்றை வடிவமைப்பவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். ரசிகர் குழு எதற்காக அந்த வேலையைச் செய்தது என்று புரிந்துகொண்டால்தான், அந்த வேலை தேவைப்படாத ஒரு நிலையை உருவாக்க முடியும்.

வெளிநாட்டு வாசகருக்குச் சட்டப்படி மங்கா தர நடந்த முந்தைய முயற்சிகளில் மறக்கக்கூடாதது ஜேமங்கா என்ற தளம். ஜப்பானின் 39 பதிப்பகங்கள் சேர்ந்த கூட்டமைப்பு 2011இல் அதைத் தொடங்கியது. புள்ளிகள் வாங்கி, அவற்றைக் கொண்டு தொகுதிகளை வாங்க வேண்டும். வாங்கியதைத் தளத்திலேயே படிக்க வேண்டும், இறக்கிக்கொள்ள முடியாது. 2013 மார்ச்சில் மூடுவதாக அறிவிப்பு வந்தது, மே மாத முடிவோடு எல்லாம் நின்றது. காசு கொடுத்து வாங்கிய தொகுதிகளும் வாசகர் கையை விட்டுப் போயின. நேர்மையாக வாங்கியவரிடம் எதுவும் மிஞ்சவில்லை, திருட்டாக இறக்கியவரிடம் கோப்பு பத்திரமாக இருந்தது. சட்டப்படியான சேவைகள்மேல் வாசகருக்கு இன்றும் இருக்கும் சந்தேகத்தில் ஒரு பங்கு அந்த ஆண்டில் விதைக்கப்பட்டது.

ஷூயிஷா, ஷோகாகுகான் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்கப் பதிப்பகமான விஸ் மீடியா வேறு வழியில் போனது. 2012 ஜனவரியில் ஷூயிஷாவின் மங்கா வார இதழான ஷோனென் ஜம்ப்பின் ஆங்கில மின்பதிப்பைத் தொடங்கி, 2013 ஜனவரியில் ஜப்பானில் இதழ் வெளியாகும் நாளுக்கே அதைக் கொண்டுவந்தது. ஒரே நாளில் இரண்டு மொழிகளில் வார இதழை வெளியிட முடியும் என்று அது காட்டியது. ஆனால் சந்தா கட்ட வேண்டும், சில நாடுகளில்தான் கிடைக்கும். பிரேசிலிலோ இந்தோனேசியாவிலோ இருந்தவருக்கு அதனால் பயன் இல்லை.

இரண்டு மாதத்தில் இரண்டு கதவுகள்

2018 டிசம்பர் 17 அன்று விஸ் தன் மின்பதிப்பை அடியோடு மாற்றியது. புதிதாக வரும் அத்தியாயங்கள் இலவசம். அன்று மாதம் 1.99 டாலர் கட்டினால் 10,000க்கு மேற்பட்ட பழைய அத்தியாயங்கள் திறந்தன, நாளுக்கு 100 வரை படிக்க முடிந்தது. தொடக்கத்திலேயே அமெரிக்கா, கனடா, பிரிட்டன் முதலான நாடுகளோடு இந்தியாவும் பட்டியலில் இருந்தது. சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் ஒரு வாசகர் ஒரு சினிமா டிக்கெட் விலைக்கு ஒரு மாதம் முழுக்கப் படிக்கலாம் என்ற நிலை அன்று வந்தது. நம் ஊரில் இது பலருக்கு இன்னும் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆறு வாரம் கழித்து மங்கா பிளஸ். இதை நடத்தியது ஷூயிஷாவே, ஷோனென் ஜம்ப் பிளஸ் ஆசிரியர் குழு வழியாக. முதலில் ஆங்கிலம், அடுத்த மாதமே ஸ்பானிஷ். ஒவ்வொரு தொடரிலும் முதல் மூன்று அத்தியாயங்களும் கடைசி மூன்று அத்தியாயங்களும் இலவசம். பதிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு தொடரும் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற எண் வாசகர் கண்ணுக்கே தெரியும்.

ஸ்பானிஷை இரண்டாம் மொழியாகத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ஆங்கிலம் தெரிந்தால்தான் படிக்கலாம் என்றால், லத்தீன் அமெரிக்கா முழுவதையும் ஸ்கேன்லேஷன் குழுக்களிடம் விட்டுவிட்டதாக ஆகும். பிறகு தாய், போர்ச்சுகீசியம், இந்தோனேசியம், ரஷ்யம், பிரெஞ்சு, வியட்நாமியம், ஜெர்மன் என்று மொழிகள் கூடின.

வாரத்தின் கணக்கு

ஷோனென் ஜம்ப் ஜப்பானில் திங்கட்கிழமை விற்பனைக்கு வரும். மின்பதிப்பு திங்கள் பிறக்கும் நள்ளிரவில் திறக்கும். நமக்கு அது ஞாயிறு இரவு 8:30 மணி. மங்கா பிளஸிலும் விஸ் செயலியிலும் ஆங்கில அத்தியாயம் அதே நேரத்தில் வருகிறது. மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கங்கள் முன்கூட்டியே போவதால்தான் இது நடக்கிறது. ஸ்கேன்லேஷன் குழு எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும், இதழ் கையில் கிடைத்த பிறகுதான் தொடங்க முடியும். அப்படிப் பார்த்தால் அதிகாரபூர்வப் பதிப்புதான் முந்த வேண்டும்.

நடைமுறையில் முந்துவதில்லை. காரணம் காகிதம். 1990களின் நடுவில் 65 லட்சம் பிரதிகள் அச்சான இதழ் அது. இன்று எண்ணிக்கை எவ்வளவோ குறைந்துவிட்டாலும், திங்கள் காலையில் ஜப்பானின் மூலை முடுக்கெல்லாம் கடைகளில் இருக்க வேண்டுமென்றால் பல நாள் முன்பே அச்சாகி லாரியில் ஏற வேண்டும். அச்சகத்துக்கும் கடை அலமாரிக்கும் நடுவில் எத்தனையோ கைகள். அதில் ஒரு கை போதும். பக்கங்கள் செல்போனில் படம் பிடிக்கப்பட்டு, முந்தின வாரம் வியாழன், வெள்ளியிலேயே இணையத்தில் வந்துவிடும். ஞாயிறு இரவு அதிகாரபூர்வ அத்தியாயம் வரும்போது கதையில் என்ன நடந்தது என்று எல்லோரும் பேசி முடித்திருப்பார்கள்.

போலீஸ் இதைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. 2015இல் கியோட்டோ போலீஸார், ஒன் பீஸ் தொடரின் பக்கங்களை இதழ் வெளியாகும் முன்பே மங்காபாண்டா என்ற ஆங்கிலத் திருட்டுத் தளத்தில் ஏற்றியதாகச் சிலரைக் கைது செய்தார்கள். 2024 பிப்ரவரியிலும் கிட்டத்தட்ட அதே குற்றச்சாட்டில் டோக்கியோவில் இருவர் கைதானார்கள். விற்பனை நாளுக்கு முன்பே இதழைக் கையில் வாங்கிப் படமெடுத்துப் பரப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. எட்டு ஆண்டுக்கு மேலான இடைவெளியில் தொழில்நுட்பம் தலைகீழாக மாறியும், கசியும் இடம் மாறவில்லை.

இங்கேதான் இந்த நிகழ்வின் மிகச் சிறந்த பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஷோனென் ஜம்ப் பிளஸ் தொடர்களின் அத்தியாயங்கள் அச்சு இதழில் வருவதில்லை, நேராக இணையத்தில்தான். லாரி இல்லை, கடை இல்லை, எனவே வியாழக்கிழமைக் கசிவும் இல்லை. ஜப்பானிய வாசகருக்குத் திறக்கும் அதே நொடியில் ஆங்கிலமும் திறந்தால், திருடுபவர் அதற்குப் பிறகுதான் வர முடியும். 2019 மார்ச்சில் அங்கே தொடங்கிய ஸ்பை ஃபேமிலி, அனிமேயாக வருவதற்குள் உலகம் முழுக்க வாசகர்களைச் சேர்த்துவிட்டதற்கு இந்த வழியும் ஒரு காரணம். 2023 தொடக்கத்திலிருந்து ஷோனென் ஜம்ப் பிளஸின் எல்லாப் புதிய தொடர்களும் முதல் அத்தியாயத்திலிருந்தே ஆங்கிலத்தில் ஒரே நேரத்தில் வருகின்றன. எது வெற்றி பெறும் என்று பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பது என்ற பழைய வழக்கத்தை அந்த முடிவு உடைத்தது. யாருக்கும் தெரியாத ஒரு புதிய கலைஞரின் முதல் அத்தியாயத்தை மெக்சிகோவிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் வாசகர், டோக்கியோ வாசகரோடு சேர்ந்து கண்டுபிடிக்கலாம். முன்பு இந்தக் கண்டுபிடிப்பின் சந்தோஷம் ஸ்கேன்லேஷன் குழுக்களிடம் மட்டும்தான் இருந்தது.

நடுவில் இருந்த ஓட்டை

முதல் மூன்று, கடைசி மூன்று என்ற ஏற்பாட்டை நான் தொடக்கத்திலிருந்தே குறையாகத்தான் பார்த்தேன். வாராவாரம் தொடர்ந்து படிப்பவருக்கு அது போதும். புதிதாக வருபவருக்கு? 2021 ஜனவரியில் ஒன் பீஸ் 1,000ஆவது அத்தியாயத்தைத் தொட்டது. அன்று படிக்கத் தொடங்கியவருக்கு மங்கா பிளஸ் மூன்று அத்தியாயத்தைக் காட்டிவிட்டு, அடுத்து 998ஐக் காட்டியது. நடுவில் இருக்கும் 994 அத்தியாயங்களை எங்கே படிப்பது? விஸ் சேவை கிடைக்கும் நாடு என்றால் சந்தா கட்டலாம். மற்ற நாடுகளில் இருப்பவர் அச்சுத் தொகுதிகளைத் தேட வேண்டும், அல்லது திருட்டுத் தளத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் எங்கே போனார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை. ஒரு தொடரின்மேல் ஆசையை மூட்டிவிட்டு, அதை நிறைவேற்றும் வழியை மட்டும் மூடிவைத்த ஏற்பாடு அது.

அச்சு உரிமைகளை நாடு நாடாக வேறு பதிப்பகங்களுக்குக் கொடுத்திருப்பதால் முழுத் தொடரையும் திறந்துவிட முடியாது என்ற சிக்கல் பதிப்பகத்துக்கு உண்டு. அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் வாசகர் அந்த ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை, பூட்டிய கதவைத்தான் பார்க்கிறார்.

இடையில் பல தொடர்களின் எல்லா அத்தியாயங்களையும் செயலியில் முதல் முறை மட்டும் இலவசமாகப் படிக்கும் வசதி வந்தது. பிறகு 2023 அக்டோபரில் மங்கா பிளஸ் மேக்ஸ் என்ற சந்தா. மாதம் 1.99 டாலருக்கு இப்போது வந்துகொண்டிருக்கும் தொடர்கள் முழுக்க, 4.99 டாலருக்கு முடிந்துபோன தொடர்களும் சேர்த்து. சேவை தொடங்கி நாலே முக்கால் ஆண்டு கழித்து வந்த ஏற்பாடு இது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அந்த 994 அத்தியாயங்களுக்கான வாசகர்களைத் திருட்டுத் தளங்கள் சும்மா வாங்கிக்கொண்டன. விலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. தாமதம்தான் தவறு.

திருட்டுப் பக்கத்தில் நடந்தது

மாற்று வந்த பிறகு சில தளங்கள் தாமாகவே ஒதுங்கின. வாராந்தர ஜம்ப் தொடர்களுக்குப் பேர்போன மங்காஸ்ட்ரீம் 2019இல் நின்றுபோனது. அதே ஆண்டு செப்டம்பரில் மங்கா ராக் என்ற மிகப் பிரபலமான செயலியை நடத்தியவர்கள், தாங்கள் செய்வது படைப்பாளிகளுக்கு இழைக்கும் தீங்கு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மூடினார்கள். பிறகு இன்கர் என்ற பெயரில் உரிமம் வாங்கிய காமிக்ஸ் சேவையாகத் திரும்பி வந்தார்கள். இது புதிதும் இல்லை. இன்று அனிமே உலகின் பெரிய சட்டப்படியான நிறுவனமான கிரஞ்சிரோலே 2006இல் அனுமதியில்லாத வீடியோக்களை வைத்துத் தொடங்கியதுதான்.

மங்காடெக்ஸ் தனி வகை. 2018இல் ஸ்கேன்லேஷன் குழுக்களுக்காகத் தொடங்கியது, விளம்பரம் இல்லாதது. மங்கா பிளஸில் வரும் அத்தியாயங்களுக்கு அங்கேயே அதிகாரபூர்வ இணைப்பும் கொடுக்கும். 2025 மேயில் பதிப்பகங்களின் கோரிக்கைகளால் அங்கிருந்து 700க்கு மேற்பட்ட தொடர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டன. அவற்றில் ஆங்கிலத்தில் சட்டப்படி எங்கும் கிடைக்காதவையும் இருந்தன. பதிப்பகங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை முழுக்க உண்டு. ஆனால் அந்தத் தொடர்களின் வாசகர்களை வரவேற்க எந்த மாற்றும் திறக்கப்படவில்லை. அவர்களில் பலர் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் தொகுப்புத் தளங்களுக்கே போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மங்காமுரா மூடியபோது ஜப்பானிய வாசகருக்கு லைன் மங்காவும் பிக்கோமாவும் இருந்தன. இவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

2025 நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு முக்கியமானது. திருட்டு மங்கா தளங்களின் பக்கங்களை வேகமாகப் பரிமாற உதவியதற்காக கிளவுட்ஃபிளேர் நிறுவனம், ஷூயிஷா, கோடான்ஷா, ஷோகாகுகான், கடோகாவா ஆகிய நான்கு பதிப்பகங்களுக்கும் சுமார் 50 கோடி யென் தர வேண்டும் என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு தளமாகத் துரத்துவதைவிட, தளங்கள் நிற்கும் தரையைக் கேள்வி கேட்பது புத்திசாலித்தனம். அதே சமயம் கிளவுட்ஃபிளேர் நேர்மையான தளங்களுக்கும் அடித்தளம் என்பதால், இந்த வழி எங்கே போய் நிற்கும் என்ற கவலையும் எனக்கு உண்டு.

இன்னும் மூடாதவை

மங்கா பிளஸ் ஒரே பதிப்பகத்தின் கடை. கோடான்ஷா 2023 மேயில் கே மங்காவைத் தொடங்கியது, அதுவும் முதலில் அமெரிக்காவில் மட்டும். மற்ற நாடுகளுக்கு அடுத்த ஆண்டில்தான் பரவலாக வந்தது. சந்தா இல்லை, அத்தியாயத்துக்கு அத்தியாயம் புள்ளி செலவு செய்ய வேண்டும். ஸ்கொயர் எனிக்ஸின் மங்கா அப் 2022இல் வந்தது, அதுவும் புள்ளி முறைதான். மூன்று பதிப்பகத் தொடர்களைப் படிப்பவர் மூன்று செயலி, மூன்று விதமான காசுக் கணக்கு வைத்திருக்க வேண்டும். திருட்டுத் தளத்தில் எல்லாம் ஒரே தேடலில் வரும். ஜப்பானின் பெரிய பதிப்பகங்கள் நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன, கடை போடுவதில் மட்டும் ஏன் தனித்தனியாகப் போகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது, கையில் நிற்பது. சந்தா நின்றால் வாசிப்பும் நிற்கும். சேவையே நின்றால் ஜேமங்காவில் நடந்ததுதான். எனவே மனசுக்கு நெருக்கமான தொடரை அச்சுத் தொகுதியாக வாங்கிவைப்பதையே நான் நண்பர்களிடம் சொல்கிறேன். விஸ்ஸின் தொகுதிகள் சைமன் அண்ட் ஷுஸ்டர் இந்தியா வழியாக இங்கே புத்தகக் கடைகளுக்கு வருகின்றன.

மூன்றாவது மொழி. மங்கா பிளஸின் ஒன்பது மொழிகளில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. இவ்வளவு மக்கள் உள்ள நாட்டில் ஆங்கிலம் சரளமாகப் படிப்பவருக்கு மட்டுமே சட்டப்படியான வாசிப்பு என்ற நிலை. 1972 முதல் முத்து காமிக்ஸ் வழியாக ஐரோப்பியச் சாகசக் கதைகளைத் தமிழில் படித்துப் பழகிய வாசகர்கள் இங்கே இருக்கிறார்கள். படக்கதையைத் தமிழில் படிக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மொழிகளைக் கூட்டுவதற்கு இப்போது முன்வைக்கப்படும் வழி இயந்திர மொழிபெயர்ப்பு. 2024 மேயில் டோக்கியோவின் ஆரஞ்சு என்ற நிறுவனம், ஷோகாகுகான் உள்ளிட்டவர்களிடம் சுமார் 290 கோடி யென் முதலீடு திரட்டி, ஐந்து ஆண்டில் 50,000 தொகுதிகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவோம் என்று அறிவித்தது. அடுத்த மாதமே ஜப்பான் மொழிபெயர்ப்பாளர் சங்கம் கவலை தெரிவித்து அறிக்கை விட்டது. மங்காவில் வசனம் படத்தோடு பின்னியது, யார் யாரிடம் எந்த மரியாதையில் பேசுகிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை இருக்கும், அதை இயந்திரம் தவறவிடும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நான் அவர்கள் பக்கம். வேகம் இல்லாததால் வாசகர் ஸ்கேன்லேஷனுக்குப் போனார் என்பது உண்மை. ஆனால் அங்கே அவர் தங்கியதற்கு, அந்தக் கதையை உயிராக நேசித்த ஒருவர் அதை மொழிபெயர்த்திருந்ததும் காரணம். ஷூயிஷா ஞாயிறு இரவு 8:30 மணிக்குத் தரும் ஆங்கில அத்தியாயங்களை இன்றுவரை மனிதர்கள்தான் மொழிபெயர்க்கிறார்கள், அவர்கள் பெயரும் அத்தியாயத்தோடு வருகிறது.